இடது முழங்கைக்குக் கீழே கை இல்லாத மாணவி, நன்றாக ஈட்டி எறிகிறாள்: எங்கே தொடங்குவது?

தஞ்சை_பிடி · செவ்வாய், இரவு 9.12

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எறிதல் தெரிந்தவர்கள் இங்கே பலர் எழுதுகிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி. பிறந்ததிலிருந்தே இடது முழங்கைக்குக் கீழே கை கிடையாது. இத்தனை நாளும் விளையாட்டுப் பீரியடில் ஸ்கோர் எழுதுவதும் பந்து பொறுக்கிப் போடுவதும்தான் அவள் வேலை. அப்படி விட்டுவைத்தது என் தவறு. மண்டலப் போட்டிக்காக மற்ற பிள்ளைகள் ஈட்டி பழகும்போது, விழுந்த ஈட்டிகளை எடுத்துவர அவளை எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்தேன். எல்லாரும் எறிந்து முடித்ததும் நடந்து வந்து கொடுக்காமல், அங்கிருந்தே ஒன்றை எடுத்து எறிந்துவிட்டாள். ஓட்டமெல்லாம் இல்லை, இரண்டே எட்டு. ஈட்டி ஆடாமல் நேராக வந்து எங்களுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் குத்தி நின்றது. ஒருத்தரும் பேசவில்லை. டேப் பிடித்து அளந்தேன், 19 மீட்டர் 60. எங்கள் பள்ளியில் இருப்பது 500 கிராம் ஈட்டி.

இரண்டு மாதமாகத் தினமும் சாயங்காலம் பழகுகிறாள். இப்போது 24-ஐத் தொடுகிறாள். ஆனால் ஈட்டி எப்போதும் இடது பக்கமாகவே போகிறது, பாதி எறி கோட்டுக்கு வெளியே விழுகிறது. எறிந்த வேகத்தில் அவளும், எறிபவர் தாண்டக்கூடாத வளைவுக் கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறாள்.

இவள் எந்தப் பிரிவில் வருவாள்? யாரிடம் போக வேண்டும்? இடப்பக்கம் இழுப்பதை எப்படிச் சரிசெய்வது? அவள் அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். "இதனால என் பொண்ணுக்கு என்ன சார் கிடைக்கும்?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை.

ஓடுதளம் · செவ்வாய், இரவு 10.05

சார், முதலில் ஒன்று. ஈட்டியைத் திருப்பி எறிய இனிமேல் யாரையும் விடாதீர்கள், அவளையும்தான். எல்லாரும் எறிந்து முடித்த பிறகு நடந்து போய், முனை தரையைப் பார்க்கச் செங்குத்தாகப் பிடித்து, நடந்தே கொண்டுவர வேண்டும். அன்றைக்குத் தப்பியது அதிர்ஷ்டம்.

இப்போது உங்கள் கேள்வி. அவள் எஃப்46. 'எஃப்' என்றால் களப்போட்டி. 40-களில் வருகிற எண்கள் கை, கால் குறைபாடும் குள்ள உயரமும். அதில் 45 இரண்டு கையிலும் குறைபாடு, 46 ஒரு கையில். 11 முதல் 13 வரை பார்வைக் குறைபாடு. 30-களில் மூளை முடக்குவாதம் போன்றவை. 51 முதல் 57 வரை நாற்காலியில் உட்கார்ந்து எறிபவர்கள். பெண்கள் எஃப்46-இல் ஈட்டியின் எடை 600 கிராம், மற்ற பெண்கள் எறிகிற அதே ஈட்டி. அதனால் இந்த வருடத்துக்குள் 600-க்குப் பழக்குங்கள்.

இந்தப் பிரிவில் பார்க்க வேண்டிய ஆள் ஹாலி ஆர்னால்ட். பிறவியிலேயே வலது முன்கை இல்லாதவர், இடது கையால் எறிவார். 2008 பெய்ஜிங் பாராலிம்பிக்கில் இறங்கியபோது வயது 14, உங்கள் மாணவியின் வயதுதான். பதக்கம் பக்கமே வரவில்லை. எட்டு வருடம் கழித்து ரியோவில் 43.01 மீட்டர் எறிந்து, உலக சாதனையோடு தங்கம். 2017 லண்டன் உலகப் போட்டியில் அதையே 43.02 ஆக்கினார்.

அவருக்கு எதிரே நியூசிலாந்தின் ஹாலி ராபின்சன். பெயரும் ஒன்று, பிரிவும் ஒன்று. அவருக்கு இடது முன்கை கிடையாது. 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த்தில் ராபின்சன் 43.32 எறிந்து முன்னால் நின்றார். கடைசிச் சுற்றில் ஆர்னால்ட் 44.43! புது உலக சாதனை, தங்கமும் கைமாறிவிட்டது. மூன்று வருடம் கழித்து டோக்கியோ. இந்த முறை கடைசி எறியில் 40.99 போட்டு ராபின்சன் தங்கம் எடுத்தார். நெதர்லாந்தின் நோயல் ரூர்தாவுக்கு வெள்ளி, ஆர்னால்டுக்கு வெண்கலம். இரண்டு போட்டியையும் அவளை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். முழங்கைக்குக் கீழே கை இல்லாத இரண்டு பெண்கள் கடைசி எறி வரை ஒருவரை ஒருவர் விடாமல் துரத்துவதை அவள் பார்க்க வேண்டும். அவள் அம்மாவும் பார்க்க வேண்டும்.

மருதம் · செவ்வாய், இரவு 11.20

பிசியோதெரபிஸ்ட் நான், கல்லூரி நாட்களில் ஈட்டி எறிந்தவள். இடப்பக்கம் இழுப்பதற்குக் காரணம் அவளுடைய எறிகிற கையில் இல்லை சார், இல்லாத கையில் இருக்கிறது.

நாம் வலது கையால் எறியும்போது இடது கை சும்மா தொங்குவதில்லை. கிராஸ் ஸ்டெப்பில், அதாவது எறிவதற்கு முன் கால்களைக் குறுக்கே மாற்றி வைக்கும் எட்டுகளில், அது முன்னால் நீண்டு, இடது தோளை மூடி வைத்திருக்கும். இடது கால் முன்னே ஊன்றிய நொடியில் இடது கையை மடக்கி விலாவோடு அணைப்போம். இடப்பக்கம் பூட்டு போட்ட மாதிரி நின்றுவிடும். அந்தப் பூட்டு விழுந்தால்தான் வலப்பக்கம் சாட்டை மாதிரி சொடுக்கும். முன்கை இல்லாதபோது அந்தப் பக்கம் எடை குறைவு, நீளமும் குறைவு. தோள் சீக்கிரமே திறந்துவிடும், உடம்பு சுழன்றுவிடும், ஈட்டி இடப்பக்கம் ஓடும். வளைவைத் தாண்டிப் போவதும் அதே காரணம்தான்: இடப்பக்கம் நிற்காததால் உடம்பு முழுக்க முன்னால் கொட்டுகிறது.

கையை நினைக்கச் சொல்லாதீர்கள், தோளை நினைக்கச் சொல்லுங்கள். "இடது தோள் நெஞ்சைப் பார்க்கட்டும், கால் ஊன்றின பிறகு முழங்கையை விலாவில் அடி" என்று சொல்லிப் பாருங்கள். முழங்கை இருக்கிறது அல்லவா, அதுவே போதும். முதல் ஒரு மாதம் ஓட்டமே வேண்டாம். நின்ற இடத்திலிருந்து, அப்புறம் மூன்று எட்டு, அப்புறம் ஐந்து. ஓட்டம் கூட்டுகிற ஆசை உங்களுக்கும் வரும், அவளுக்கும் வரும். அடக்குங்கள்.

இன்னொன்று முக்கியம். முதுகின் இரண்டு பக்கமும் சமமாக வளரவேண்டும். வலது கை மட்டும் எறிந்து எறிந்து பலமாகி, இடப்பக்கம் அப்படியே இருந்தால் இரண்டு வருடத்தில் இடுப்புக்கு மேலே முதுகு வலி ஆரம்பிக்கும். இடது மேல்கையில் பட்டை கட்டி, அதில் கயிறு போட்டு எடை இழுக்க விடுங்கள். நான் பார்த்த ஒரு பெண்ணுக்கு பழைய பள்ளிப் பையின் பட்டையை வெட்டித் தைத்துக் கொடுத்தோம், உள்ளே பஞ்சு வைத்து. தோல் உரியாமல் இருக்கிறதா என்று மட்டும் தினமும் பாருங்கள்.

தஞ்சை_பிடி · புதன், காலை 6.50

மருதம் மேடம், நான் இரண்டு மாதமாக வலது கையையே திருத்திக்கொண்டிருந்தேன். இன்றைக்கே மாற்றுகிறேன். ஓடுதளம் சார், நீங்கள் கண்டித்தது நியாயம்தான்.

ஒரு சின்ன சந்தேகம். ஈட்டி தரையில் குத்தி நிற்கவில்லை என்றால் கணக்கில் எடுப்பார்களா? இங்கே மண்டலப் போட்டியில் ஒரு நடுவர் எடுக்கவில்லை.

ஓடுதளம் · புதன், காலை 7.30

எடுக்க வேண்டும். முனை முதலில் தரையைத் தொட்டால் போதும், குத்தி நிற்கவேண்டும் என்று விதி இல்லை. வாலோ நடுவோ முதலில் பட்டால்தான் செல்லாது. இதை நம் பள்ளிப் போட்டிகளில் பல இடத்தில் தப்பாகவே வைத்திருக்கிறார்கள். விதிப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது என்று கேட்டீர்கள். முதல் வேலை யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை), மாவட்ட அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு பார்த்துக் கொடுக்கும் சான்றோடு. பிறகு மாநில பாரா தடகளப் போட்டி, அங்கிருந்து இந்திய பாராலிம்பிக் குழு நடத்தும் தேசியப் போட்டி. மருத்துவச் சான்றில் இத்தனை சதவீதம் என்று போட்டிருப்பதை வைத்து எஃப்46 கொடுத்துவிட மாட்டார்கள். மருத்துவம் தெரிந்தவர் ஒருவர், விளையாட்டு தெரிந்தவர் ஒருவர் என்று வகைப்படுத்தும் குழு தனியாக உட்காரும். அளப்பார்கள், எறியச் சொல்லிப் பார்ப்பார்கள், போட்டியிலும் கவனிப்பார்கள். வெளிநாடு போகும்போது சர்வதேசக் குழு மறுபடி முதலிலிருந்து பார்க்கும். கை இல்லாதது மாறப்போவதில்லை என்பதால் அவளுக்கு இது பெரிய சிக்கலாக இருக்காது. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குத்தான் ஒரு எண் தள்ளிப்போட்டால் வாழ்க்கையே மாறிவிடும்.

முத்துநகர் · புதன், பகல் 1.15

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். தூத்துக்குடி. எட்டு வருடம் உட்கார்ந்து ஈட்டி எறிந்தவள், எஃப்55. சார், உங்கள் மாணவி நின்று எறிகிறாள், ஒரு ஈட்டியும் ஒரு மைதானமும் இருந்தால் பழகலாம். எங்கள் கதை வேறு. சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

எங்களுக்கு ஈட்டிக்கு முன்னால் நாற்காலி வேண்டும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எறிய முடியாது, அது தள்ளிக்கொண்டு போகும். த்ரோயிங் ஃப்ரேம் என்று இரும்புக் குழாயில் செய்கிற தனி இருக்கை. உட்காரும் உயரம் மெத்தையோடு சேர்த்து 75 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. எறியாத கையால் பிடித்துக்கொள்ள முன்பக்கம் ஒரு கம்பி. அந்தக் கம்பி ஒரே துண்டாக, வளைவில்லாமல், ஆடாமல் இருக்க வேண்டும். அதன் குறுக்குவெட்டு வட்டமாகவோ சதுரமாகவோ இருந்தால்தான் செல்லும். தொடையைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுவோம். ஈட்டி கையை விட்டுப் போய் விழுகிற வரை இருக்கையிலிருந்து எழும்பக்கூடாது, எழும்பினால் சிவப்புக் கொடி.

என் முதல் ஃப்ரேமை எங்கள் தெரு வெல்டிங் பட்டறை அண்ணன் செய்து கொடுத்தார். படம் ஒன்றுதான் இருந்தது, அளவு இல்லை. என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, கையை நீட்டச் சொல்லி, சாக்பீஸால் சுவரில் கோடு போட்டு அளந்தார். கம்பியை எங்கே வைப்பது என்று மூன்று தடவை வெட்டி மறுபடி ஒட்டினார். ஒரு விரற்கடை முன்னால் போனால் இழுக்க முடியவில்லை, பின்னால் வந்தால் தோள் இடிக்கிறது. கடைசியில் சரியாக வந்த அன்று என்னிடம் கூலி வாங்கவில்லை. அந்த ஃப்ரேமைத்தான் நான் கடைசி வரை வைத்திருந்தேன்.

முதல் போட்டிக்குப் போனேன். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். வட்டத்தில் ஃப்ரேமைக் கட்ட வளையமே பதிக்கவில்லை. சங்கிலியும் பெல்ட்டும் போட்டுத் தரையோடு இறுக்கினால்தான் அது அசையாது. "நீங்க சும்மா வச்சு எறிங்கம்மா" என்றார்கள். எறிந்த முதல் எறியிலேயே ஃப்ரேம் பின்னால் தூக்கிவிட்டது. என் தம்பி ஓடிப்போய்ப் பக்கத்தில் கட்டட வேலை நடந்த இடத்தில் கடப்பாரை இரண்டு கேட்டு வாங்கிவந்து, வட்டத்துக்கு வெளியே அடித்துக் கயிறு கட்டினான். அதற்குள் எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. அன்றைக்கு என் பெயருக்கு நேரே தூரம் ஒன்றும் இல்லை.

இன்னொரு வித்தியாசம் பாருங்கள். நின்று எறிகிறவர்கள் சுற்றுச் சுற்றாக எறிவார்கள், அதனால்தான் ராபின்சனால் கடைசி எறியில் பதில் சொல்ல முடிந்தது. நாங்கள் ஒருமுறை கட்டி உட்கார்ந்தால் அடுத்தடுத்து எறிந்து முடித்து இறங்க வேண்டும். முதலில் ஏறினால், உங்கள் தூரத்தை எழுதிவிட்டு, மற்ற ஏழெட்டுப் பேர் ஒவ்வொருவராக ஏறி அதைத் தாண்டுகிறார்களா என்று வெயிலில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றும் செய்ய முடியாது. டோக்கியோவில் எஃப்56-இல் ஈரானின் ஹாஷிமியே முத்தகியான் 24.50, பிரேசிலின் ரைஸா மச்சாடோ 24.39. பதினொரு சென்டிமீட்டர். ஒரு சாண் கூட இல்லை. அந்தக் காத்திருப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மருதம் · புதன், பகல் 2.40

அக்கா, இதைத் தனி இழையாகவே போடுங்கள். ஃப்ரேம் அளவெடுக்கிற விஷயத்தை நம்மூரில் யாரும் எழுதியதில்லை.

படிக்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். எஃப்54 என்றால் கைகள் முழு பலம், வயிறு முதுகுத் தசைகள் வேலை செய்யாது. 55-இல் உடற்பகுதி ஓரளவு வேலை செய்யும். 56-இல் இடுப்பு வரை பலம் இருக்கும். அதனால்தான் 56-இல் 24 மீட்டர் என்றால், 54-இல் 20 மீட்டரே மலை. ரியோவில் நைஜீரியாவின் ஃப்ளோரா உகுன்வா எஃப்54-இல் 20.25 எறிந்தார், உலக சாதனை. சின்ன வயதில் போலியோ தாக்கியவர். டோக்கியோவிலும் தங்கம் அவருக்குத்தான். வயிற்றுத் தசை உதவாமல், தோளும் கம்பியைப் பிடித்த கையும் மட்டும் வைத்து இருபது மீட்டர். இரண்டு காலையும் பரப்பித் தரையில் உட்கார்ந்து, முதுகைச் சாய்க்காமல் ஒரு கல்லை எறிந்து பாருங்கள், அந்த இருபது மீட்டர் என்னவென்று உடம்புக்கே தெரியும்.

ஓடுதளம் · புதன், இரவு 8.25

தஞ்சை சார், கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஈட்டி மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். 100 மீட்டரும் நீளம் தாண்டுதலும் சேர்த்தே பழக்குங்கள்.

காரணம் இதுதான். பாரா தடகளத்தில் நீங்கள் எவ்வளவு தூரம் எறிகிறீர்கள் என்பதற்கு முன்னால், உங்கள் பிரிவு அட்டவணையில் இருக்கிறதா என்ற கேள்வி வருகிறது. டோக்கியோவில் ஆண்களுக்கு எட்டு ஈட்டிப் போட்டிகள்: எஃப்13, 34, 38, 41, 46, 54, 57, 64. பெண்களுக்கு ஐந்து: 13, 34, 46, 54, 56. அவ்வளவுதான்.

பிரேசிலின் ஷிர்லின் கோயல்ஹோ எஃப்37. 2012 லண்டனில் தங்கம், 2016 ரியோவில் தங்கம். டோக்கியோ அட்டவணையில் பெண்கள் எஃப்37 ஈட்டியே இல்லை. இரண்டு முறை வென்றவருக்கு மூன்றாவது முறை வாசலே கிடையாது. ஆர்னால்டுக்கும் அதேதான்: 2018 காமன்வெல்த்தில் உலக சாதனையோடு தங்கம் எடுத்த போட்டி, 2022 பர்மிங்காமில் நடக்கவே இல்லை. நம் தேவேந்திர ஜஜாரியா ஆண்தான், ஆனாலும் சொல்கிறேன். 2004 ஏதென்ஸில் தங்கம் எடுத்தவர், 2008-லும் 2012-லும் எஃப்46 ஈட்டி இல்லாததால் பன்னிரண்டு வருடம் காத்திருந்து ரியோவில் இரண்டாவது தங்கம் எடுத்தார். பன்னிரண்டு வருடம் காத்திருக்க ஒரு விவசாயக் கூலி வீட்டுப் பெண்ணால் முடியுமா?

தீபா மாலிக்கைப் பாருங்கள். ஈட்டியில் 2010 குவாங்சோ ஆசியப் பாரா போட்டியில் வெண்கலம், 2014 இஞ்சியோனில் வெள்ளி. அவர் பிரிவு எஃப்53. ரியோவில் அந்தப் பிரிவுப் பெண்களுக்கு ஈட்டி இல்லை, குண்டு எறிதல் இருந்தது. குண்டுக்கு மாறினார், 4.61 மீட்டர் எறிந்து வெள்ளி எடுத்தார். பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண். ஈட்டியையே கட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பதக்கம் வந்திருக்குமா?

கரிசல்காடு · புதன், இரவு 9.10

ஓடுதளம், நீங்கள் சொன்ன தகவல் எதையும் மறுக்கவில்லை. முடிவைத்தான் ஏற்கமாட்டேன்.

பதினான்கு வயதுப் பிள்ளை. ஒன்பது வருடம் பந்து பொறுக்கிப் போட்டவள், முதல் தடவையாக ஒரு பொருளைக் கையில் எடுத்து "இது எனக்கு வரும்" என்று கண்டுபிடித்திருக்கிறாள். அவளிடம் போய் அட்டவணை பார்த்து ஆசைப்படு என்று சொல்வதா? தீபா மாலிக் குண்டுக்கு மாறியது நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, தன் உடம்பையும் தன் வாழ்க்கையையும் நன்றாகத் தெரிந்த ஒருவர் எடுத்த முடிவு. பிள்ளைக்கு அதை நாம் எடுத்துக் கொடுக்கக்கூடாது.

பெண்களுக்கு ஐந்து, ஆண்களுக்கு எட்டு என்பதை மழை வெயில் மாதிரி சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அது மனிதர்கள் உட்கார்ந்து போட்ட பட்டியல். குள்ள உயரமுள்ள எஃப்41 ஆண்களுக்கு ஈட்டி உண்டு, பாரிஸில் நம் நவ்தீப் 47.32 எறிந்து தங்கம் வாங்கியதை நாடே பார்த்தது. அதே உயரமுள்ள பெண்ணுக்கு குண்டு உண்டு, வட்டு உண்டு, ஈட்டி கிடையாது. பொய்க்காலோடு எறியும் எஃப்64-இல் சுமித் அன்டில் டோக்கியோவில் 68.55, பாரிஸில் 70.59. கால் இழந்த ஒரு பெண் அதைப் பார்த்து ஈட்டி எடுத்தால் அவளை எங்கே அனுப்புவது?

ஓடுதளம் · புதன், இரவு 9.40

பட்டியலைச் சரி என்று நான் சொல்லவில்லை. ஒரு பிரிவில் போதுமான நாடுகளிலிருந்து போதுமான பெண்கள் எறியவில்லை என்றால் அந்தப் பிரிவைத் தூக்கிவிடுகிறார்கள். தூக்கியதால் அடுத்த வருடம் இன்னும் குறைவானவர்கள் வருகிறார்கள். இந்தச் சுழல் எனக்கும் கோபம் வரவைக்கிறது. ஆனால் அது மாறுகிற வரை அவள் கையில் இரண்டாவது போட்டி ஒன்று இருக்கட்டும் என்கிறேன். ஈட்டியை விடு என்று எங்கே சொன்னேன்?

வன்னி_மைந்தன் · வியாழன், காலை 5.30

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். எங்கட நாட்டில பாரா விளையாட்டு எண்டாலே ஈட்டிதான். டோக்கியோவில தினேஷ் பிரியந்த எஃப்46-இல 67.79 எறிஞ்சு உலக சாதனையோட தங்கம், பாரிஸில சமித்த துலான் வெள்ளி. ரெண்டு பேரும் இராணுவத்தில இருந்து வந்த ஆண்கள். அவங்களுக்கு மைதானம், பயிற்சியாளர், சம்பளம் எல்லாம் அதுக்குள்ளேயே கிடைச்சது.

இங்க வன்னியில காலை இழந்த பெண்கள் எத்தினையோ பேர். இப்ப முப்பது, நாற்பது வயசு. கரிசல்காடு அண்ணை கேட்ட கேள்விதான் எனக்கும்: முழங்காலுக்குக் கீழ கால் இல்லாத பெண்ணுக்கு ஈட்டி இல்லை எண்டு நான் இண்டைக்குத்தான் அறிஞ்சன். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா பொய்க்காலோட கிணத்தில தண்ணி அள்ளி, தோட்டம் கொத்தி, பிள்ளைகளைப் படிப்பிக்கிறா. அவவின்ர தோளைப் பார்த்தா ஈட்டி எறிஞ்சிருக்க வேண்டிய ஆள் எண்டு தெரியும். வட்டு எறிதல் எஃப்64-இல பெண்களுக்கு இருக்கா?

ஓடுதளம் · வியாழன், காலை 7.05

இருக்கிறது. டோக்கியோவில் பெண்கள் எஃப்64 வட்டு எறிதல் நடந்தது. 2022 காமன்வெல்த்திலும் கால் குறைபாடுள்ள பெண்களுக்கு வட்டு இருந்தது. முப்பது, நாற்பது என்பது எறிதலில் கடந்துபோன வயதில்லை, தயவுசெய்து அந்த அக்காவிடம் சொல்லுங்கள்.

முத்துநகர் · வியாழன், பகல் 12.30

பிரிவுகளைச் சேர்த்து ஒரே போட்டியாக நடத்தினால் என்ன என்று எப்போதும் கேட்பேன். 2012 லண்டனில் பெண்கள் எஃப்54, 55, 56 மூன்றையும் சேர்த்து ஒரே ஈட்டிப் போட்டி வைத்தார்கள். தூரத்தை அப்படியே ஒப்பிடாமல், அவரவர் பிரிவுக்கு ஏற்ற புள்ளியாக மாற்றினார்கள். முதல் மூன்று இடமும் எஃப்54 பெண்களுக்குப் போனது: சீனாவின் யாங் லிவான், துனீசியாவின் ஹானியா ஐதி, தென்னாப்பிரிக்காவின் சிட்டு. சேர்த்தால் பலம் குறைந்தவர்கள் நசுங்கிவிடுவார்கள் என்று பயப்படுவார்கள், அங்கே அப்படி நடக்கவில்லை. என் 55-க்கு அன்றைக்கு வாசல் திறந்திருந்தது. இப்போது 55 பெண்கள் 56-ஓடு போய்த்தான் எறிய வேண்டும், புள்ளி மாற்றமும் இல்லாமல், வெறும் தூரத்துக்கு.

மருதம் · வியாழன், பகல் 1.50

அக்கா, புள்ளி முறையில் எனக்கு உடன்பாடு இல்லை. மைதானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் புரியாது. 17 மீட்டர் எறிந்தவர் 22 மீட்டர் எறிந்தவரை எப்படி வென்றார் என்று ஒவ்வொரு எறிக்கும் பலகையைப் பார்க்க வேண்டும். ஈட்டியின் அழகே, விழுந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான்.

அதைவிடப் பெரிய கவலை: விதி மாறினால் உடம்பு மாட்டிக்கொள்ளும். ஜெர்மனியின் பிர்கிட் கோபர் லண்டனில் எஃப்34-இல் உட்கார்ந்து 27.03 மீட்டர் எறிந்தார், உலக சாதனை. குண்டிலும் தங்கம். அதற்குப் பிறகு உட்கார்ந்து எறிவதற்கான விதிகளை இறுக்கினார்கள், அவரால் பழைய மாதிரி எறிய முடியாமல் போனது. நிற்கக் கற்றுக்கொண்டு, எஃப்36-இல் நின்றபடி குண்டு எறிந்து ரியோவில் தங்கம் எடுத்தார். அவர் மன உறுதிக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒரு விதி மாற்றத்துக்காக ஒருத்தர் தன் விளையாட்டையே மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

முத்துநகர் · வியாழன், பகல் 2.20

பலகையைப் பார்ப்பவருக்குப் புரியவில்லை என்பதற்காக எறிகிறவர் வீட்டில் இருக்க வேண்டுமா தங்கச்சி? புரிய வைக்கட்டும். கிரிக்கெட்டில் மழை வந்தால் இலக்கை மாற்றுகிறார்கள், அந்தக் கணக்கு எத்தனை பேருக்குப் புரிகிறது? ஆட்டத்தை நிறுத்தவா செய்கிறார்கள்?

மருதம் · வியாழன், பகல் 2.35

இதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. நீங்கள் சொல்வது சரி.

கரிசல்காடு · வியாழன், மாலை 6.15

பழைய விஷயம் ஒன்று. 1960 ரோமிலேயே பெண்கள் சக்கர நாற்காலியில் ஈட்டி எறிந்திருக்கிறார்கள். இத்தாலியின் மரியா ஸ்குட்டி அந்த ஒரே போட்டியில் தடகளம், நீச்சல், வாள்வீச்சு, மேசைப்பந்து என்று பதினைந்து பதக்கம் எடுத்தவர், அதில் ஈட்டியும் உண்டு. அன்றைக்கு இலக்கு ஈட்டி என்று இன்னொன்றும் இருந்தது. தூரம் இல்லை, தரையில் போட்ட வட்டங்களுக்குள் ஈட்டியை இறக்க வேண்டும். பெண்கள் ஈட்டி ஏதோ நேற்று சேர்த்த சலுகை என்று நினைத்துப் பேசுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

தஞ்சை_பிடி · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.20

பதில் போட நேரமாகிவிட்டது, மன்னியுங்கள். யுடிஐடி கார்டுக்கு மருத்துவக் குழு பார்த்துவிட்டது. முத்துநகர் அக்காவின் பதிவை அச்செடுத்து எங்கள் வட்டாரத்தில் இருக்கும் இரண்டு உடற்கல்வி ஆசிரியர்களுக்குக் கொடுத்தேன். ஒருவரிடம் சக்கர நாற்காலி மாணவி ஒருத்தி இருக்கிறாள், அவர் ஊர் வெல்டிங் பட்டறையில் பேசியிருக்கிறார். அளவு கேட்டு உங்களுக்கு எழுதுவார் அக்கா.

மருதம் மேடம் சொன்னபடி மூன்று வாரமும் ஓட்டமே இல்லை, மூன்று எட்டு மட்டும். முதல் வாரம் தூரம் 18-க்கு இறங்கிவிட்டது. அழுதாள். "பழைய மாதிரியே எறியறேன் சார்" என்றாள். விடவில்லை. பள்ளிப் பையின் பட்டையை அவள் அம்மாவே தைத்துக் கொடுத்தார், நாங்கள் சொன்னதை விட நன்றாக, உள்ளே பழைய நூல் சேலையை மடித்து வைத்து.

ஆர்னால்டும் ராபின்சனும் எறிந்ததை என் செல்போனில் போட்டுக் காட்டினேன். அவள் ஈட்டியையே பார்க்கவில்லை. ராபின்சனின் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி மறுபடி. "சார், அவங்க இதை உள்ள இழுக்கிறாங்க" என்று தன் முழங்கையை விலாவில் இடித்துக் காட்டினாள். நான் மூன்று வாரமாகச் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உடம்பில் இறங்கியது.

நேற்று சாயங்காலம் 600 கிராம் ஈட்டியைப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து இரவல் வாங்கிவந்தேன். மூன்று எட்டு. ஆறு எறியில் ஐந்து கோட்டுக்குள் நேராக விழுந்தது. அதிகபட்சம் 22 மீட்டர் 15. ஓடுதளம் சார், நீளம் தாண்டுதலும் பழகச் சொல்லியிருக்கிறேன், சரி என்றாள், ஆனால் மணல் குழிக்குப் போகும்போதும் ஈட்டியைத் தோளில் வைத்துக்கொண்டேதான் போகிறாள். கரிசல்காடு சார், உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

அவள் அம்மாவும் நேற்று வந்திருந்தார். ஓரமாக வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது பழைய கேள்வியைக் கேட்கவில்லை. அடுத்த போட்டி எந்த ஊரில், எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டார். மாநிலப் போட்டி தேதி வந்ததும் எழுதுகிறேன்.